உவரி - மணப்பாடு ஒரு நாள் வேன் டூர்: கதைக்கு அஞ்சு ஸ்டார், வேனுக்கு ரெண்டு

பாளையங்கோட்டைல இருந்து கடக்கரைக் கோவில் ஊருகளான உவரி, மணப்பாடு கூட்டிட்டுப் போற ஒரு நாள் வேன் டூர் எப்படின்னு ரெண்டு மூணு பேரு கேட்டுட்டே இருந்தீங்க, அதான் மொத்தமா எழுதிட்டேன். பேரு போடல. நான் போன வேனுல ஏசி மக்கர் பண்ணிச்சுன்னு ஒருத்தர் பொழப்புல மண்ணள்ளிப் போட வேண்டாம்ல. சீட் போடும்போது என்னென்ன கேக்கணும்னு மட்டும் பாத்துக்கிடுங்க.

காலைல ஆறு மணின்னு சொல்லி ஆறே முக்காலுக்குத்தான் எடுத்தாவ. அதுவும் பரவால்ல. மூலைக்கரைப்பட்டி தாண்டுனதும் ஏசில இருந்து வெந்நீர்ப் பானையத் தொறந்த மாதிரி காத்து வர ஆரம்பிச்சுட்டு, டிரைவர் தம்பிகிட்ட கேட்டா "இப்ப சரியாயிரும் எக்கா"ன்னு இட்டமொழி வரைக்கும் அதையே சொல்லிட்டு வந்தான், கடைசில எல்லாரும் ஜன்னலத் தொறந்து போட்டு செம்மண் புழுதியத் தின்னுட்டே போனோம். ஏசி வேன்னு சொல்லித்தான் காசு வாங்குனாவ, ஒத்த ரூபா திருப்பித் தரல. திசையன்விளைல காலைச் சாப்பாடு. இட்லி பஞ்சு மாதிரி, சட்னி கொஞ்சம் தண்ணி. விடுங்க.

இந்த டூர்ல காசு குடுத்ததுக்குப் பிரயோஜனம்னா அது கூட வந்த கைடு அண்ணாச்சிதான். கடலோர ஊர்க்காரரு, வயசு அறுபதுக்கு மேல இருக்கும், மைக்கெல்லாம் கெடையாது, தொண்டையிலயே வேன் பூரா கேக்குற மாதிரி பேசுவாரு. மத்த டூர்ல எல்லாம் எறங்குனதும் "அந்தா கோவில், அரை மணி நேரத்துல வந்துருங்க"ன்னு விட்ருவாவ. இவரு உவரி அந்தோணியார் கோவிலுக்குள்ள போறதுக்கு முன்னாடி எல்லாரையும் நெழல்ல நிறுத்தி அந்தக் கோவில் எப்படி வந்துச்சுன்னு சொல்லிட்டுத்தான் உள்ள விட்டாரு.

கதை உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரிஞ்சிருக்கும். போர்ச்சுகீசியக் கப்பல் ஒண்ணு உவரிக் கடல் பக்கமா வரும்போது கப்பல்ல காலரா வந்து ஆளுக சாவக் கெடந்தாவளாம். அந்தக் கப்பல்ல இருந்த தச்சர் ஒருத்தரு மரத்துல அந்தோணியார் சுரூபம் செதுக்கி வச்சாராம், எல்லாரும் பொருத்தனை வச்சு வேண்ட, நோய் விட்டுப் போச்சாம். கரைல எறங்குனதும் அந்தச் சுரூபத்த உவரியிலயே ஒரு குடிசை போட்டு வச்சுட்டுப் போயிட்டாவ, அதுதான் ஆரம்பம். இதைச் சொல்லிட்டு அண்ணாச்சி ஒரு வார்த்தை சொன்னாரு பாருங்க, அங்கதான் எனக்கு ஆளப் பிடிச்சுப் போச்சு. "இது எங்க பாட்டன் பூட்டன் சொல்லி நாங்க சொல்லுதது. வருஷம் மாசம் கேட்டா என்கிட்ட கெடையாது. நம்புறவன் நம்பட்டும்"னாரு. நானூறு வருஷம் ஐநூறு வருஷம்னு வாய்க்கு வந்தத அடிச்சு விடாம இப்படிச் சொல்ல ஒரு கைடுக்கு தைரியம் வேணும்.

எங்க அத்தை இந்து, ஆனா உவரிக்கு சின்னப் புள்ளையில இருந்து வாரவ. அவளுக்கு உவரி சிவன் கோவில் சுயம்புலிங்க சாமியும் அந்தோணியாரும் ஒரே ஊர்ல இருக்குற ரெண்டு வீட்டுச் சொந்தம், ஒரு வீட்டுக்குப் போயிட்டு இன்னொரு வீட்டுக்குப் போவாம வந்தா கோவிச்சுக்கிடுவாவங்கற கணக்கு. இத்தனை வருஷமா கும்பிட்டும் அந்தோணியார் சுரூபத்தப் பத்தி மனசுக்குள்ள ஒரு சந்தேகம் இருந்திருக்கு போல, பட்டுன்னு கேட்டுட்டா.

"ஏன்யா, சாமியாரு அங்கி போட்டிருக்காரே, அவரு கையில புள்ளை ஏது?"

வேன்ல வந்த காலேஜ் பிள்ளைக எல்லாம் வாயப் பொத்திக்கிட்டு சிரிக்குதுவ. அண்ணாச்சி சிரிக்கல. "நல்ல கேள்வி கேட்டீய ஆச்சி, இத யாருமே கேக்க மாட்டாவ"ன்னு ஆரம்பிச்சு பத்து நிமிஷம் இத்தாலிக்கே கூட்டிட்டுப் போயிட்டாரு. பதுவா ஊருக்குப் பக்கத்துல காம்போசாம்பியரோன்னு ஒரு ஊரு, அங்க தீசோன்னு ஒரு பிரபு. அந்தோணியார் கடைசிக் காலத்துல உடம்புக்கு முடியாம அங்க போய் தங்கியிருக்காரு. பிரபுவோட நிலத்துல பெரிய வால்நட் மரம் ஒண்ணு, அந்த மரத்து மேலயே ஜெபம் பண்ண ஒரு சின்னக் குடில் கட்டிக் குடுத்தாராம். ஒரு ராத்திரி அந்தோணியார் இருந்த அறைல இருந்து ஒரே வெளிச்சம், தீ ஏதும் பிடிச்சுட்டோன்னு பிரபு ஓடிப் போய் பாத்தா, குழந்தை ஏசு அவரு கையில இருக்காரு. நான் சாவுற வரைக்கும் வெளிய சொல்லாதீயன்னு அந்தோணியார் கேட்டுக்கிட்டாராம். அந்தக் காட்சி நடந்ததா சொல்லுற எடத்துலயும் கோவில் இருக்கு, வால்நட் மரம் நின்ன எடத்துலயும் தனியா ஒரு கோவில் இருக்கு. சுரூபத்துல கையில இருக்குற புள்ளை அதுதான். அத்தைக்கு பரம திருப்தி. "அப்போ முருகன் மாதிரி பாலகன்தான்"னா. அண்ணாச்சி "அப்படியும் வச்சுக்கிடலாம் ஆச்சி"ன்னு நாசூக்கா நழுவிட்டாரு.

அண்ணாச்சி விட்டுட்ட ஒண்ண நான் சொல்லுதேன், ஏன்னா இது தெரிஞ்சாத்தான் கப்பல் கதை முழுசா பிடிபடும். எல்லாரும் பதுவா அந்தோணியார், பதுவா அந்தோணியார்னு சொல்லுதோம், ஆனா ஆளு பதுவாக்காரரே கெடையாது. 1195ல லிஸ்பன்ல பொறந்தவரு, வீட்ல வச்ச பேரு பெர்னாந்து. அதாவது அந்தக் கப்பல்காரனுவளுக்கு அவரு சொந்த ஊர்ச் சாமி. நடுக்கடல்ல உயிர் போற நேரத்துல அவனுவ வாயில வேற யாரு பேரு வரும்? இன்னொண்ணு, இவரே கப்பல்ல அடிபட்டவருதான். மொராக்கோவுல போய் வேதம் சொல்லணும்னு போனாரு, போன எடத்துல காய்ச்சல்ல படுத்து, ஊருக்குத் திரும்புற கப்பலு புயல்ல மாட்டி சிசிலில போய் ஒதுங்கிச்சு. அப்படித்தான் இத்தாலிக்கே வந்தாரு. ரிமினி ஊர்ல மனுசன் கேக்கலன்னு கடல் மீனுவகிட்ட பிரசங்கம் பண்ணுனாருன்னு ஒரு கதை வேற உண்டு. புயலு, கப்பலு, காய்ச்சலு, மீனு. நம்ம கடக்கரை சனத்துக்கு இதுக்கு மேல என்ன வேணும்?

அந்தோணியார் கோவில்ல செவ்வாய்க்கிழமை ஏன் அவ்ளோ கூட்டம்னும் சிலபேரு கேப்பாவ. 1231 ஜூன் 13ல செத்தாரு, அடக்கம் பண்ணுனது 17ஆம் தேதி, அது செவ்வாக்கிழமை. ஒரு வருஷம் முழுசா முடியுறதுக்குள்ள, 1232 மே 30லயே, புனிதர் பட்டமும் குடுத்துட்டாவ, அவ்ளோ வேகம். உவரில திருவிழா ஜனவரி கடைசி பிப்ரவரி வாக்குல 13 நாள் நடக்கும். அந்த நேரத்துல வேன் டூர்ல போயிராதீங்க, வேன நிறுத்திட்டு ரெண்டு கிலோமீட்டர் நடக்க விட்ருவான்.

கோவிலுக்குள்ள எனக்குப் பிடிச்சது அமைதி. பிடிக்காததுன்னு இல்ல, முன்கூட்டியே சொல்லிருக்கலாம்னு நெனச்சது, பேய் பிடிச்சிருக்குன்னு கூட்டிட்டு வந்து தங்க வச்சிருக்குறவங்க. ஒரு பொண்ணு தலைய விரிச்சுப் போட்டு கொடிமரத்துப் பக்கம் சுத்திச் சுத்தி ஆடிட்டு இருந்திச்சு, அவ அம்மா பக்கத்துலயே டம்ளர்ல தண்ணிய வச்சுக்கிட்டு எப்ப நிப்பா எப்ப குடிப்பான்னு பாத்துட்டே உக்காந்திருந்தாவ. எம் மவன் பயந்து என் சேலைய விடவே இல்ல. சின்னப் புள்ளைகள கூட்டிட்டுப் போறவங்க வீட்லயே சொல்லி வச்சுக் கூட்டிட்டுப் போங்க. நேர்ச்சை ஒரு பக்கம் இருக்கட்டும், பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் கவர்ன்மெண்ட் ஆஸ்பத்திரிலயும் ஒருக்கா காட்டுங்கன்னு அந்த அம்மாகிட்ட சொல்ல வாய் வரைக்கும் வந்திச்சு, சொல்லல.

வெளிய கடைல மெழுகுவர்த்தி, உப்பு மிளகு பொட்டலம், கை கால் கண்ணு தொட்டில்னு அச்சடிச்ச சின்னத் தகடு எல்லாம் கெடைக்கும். வேன்காரர் கைய காட்டுற கடைல வாங்காதீங்க, அதே தகடு நாலு கடை தள்ளி பாதி வெலை. அங்க ஒதுக்குன அரை மணி நேரத்த கப்பல் மாதா கோவிலுக்குக் குடுத்திருந்தா நல்லாருந்திருக்கும். கப்பல் மாதிரியே கட்டி மேல ஏரோப்பிளேன் வச்ச கோவிலு, புள்ளைகளுக்கு அதுதான் கொண்டாட்டம், எங்கள வேன்ல இருந்தே எட்டிப் பாருங்கன்னுட்டாவ. மொத்தத்துல உவரிக்கு ஒன்றரை மணி நேரம். பொருத்தனை இருக்குறவங்களுக்கு, மொட்டை போடணும் காது குத்தணும்னு வாரவங்களுக்கு இது சுத்தமா பத்தாது.

மத்தியானச் சாப்பாடு பெரியதாழை தாண்டி ஒரு சின்ன ஓட்டல். சோறு, சாளை மீன் குழம்பு, பொரிச்ச மீனுக்கு தனிக் காசு. குழம்புல தேங்கா அரைச்சு மாங்கா போட்டிருந்தாவ, அதுல குறை சொன்னா நாக்கு அழுகிரும். சைவக்காரங்களுக்கு ரசமும் அப்பளமும் மட்டும், பாவம்.

அப்புறம் மணப்பாடு. இங்கயும் அதே மாதிரி ஒரு கப்பல் கதைதான், ஆனா இது வருஷத்தோட இருக்கு. 1540ல புயல்ல மாட்டுன போர்ச்சுகீசியக் கப்பலோட தலைவரு, தப்பிச்சுக் கரை சேந்தா ஒடஞ்ச பாய்மரத்துலயே சிலுவை செஞ்சு நடுவேன்னு வேண்டி, அந்த மணல் குன்று மேல நட்டாராம். ரெண்டு வருஷம் கழிச்சு 1542ல சவேரியார் இந்தக் கடக்கரைக்கு வந்து அங்க இருக்குற குகைல தங்கியிருந்தாரு. குன்று மேல திருச்சிலுவைக் கோவில் 1581ல கட்டுனது. செப்டம்பர் 14 திருவிழா. அந்தப் பக்கம் வேளாங்கண்ணிய எடுத்தாலும் மோர்க்காரப் பையனுக்கு மாதா காட்சி குடுத்த கதையோட புயல்ல தப்புன போர்ச்சுகீசியக் கப்பல் கதையும் சேந்துதான் வருது. காலராவோ புயலோ, கடல்ல உயிர் பொழைச்சவன் கரைல ஒண்ண வச்சுட்டுப் போறான், அதைக் காப்பாத்தி கோவிலா ஆக்குறது அந்தக் கரைல இருக்குற நம்ம சனம். இதை அண்ணாச்சி குகை வாசல்ல நின்னு சொன்னப்ப யாரும் செல்ஃபி கூட எடுக்கல. எனக்கென்னமோ கப்பல்காரன விட, அவன் போனதுக்கப்புறம் குடிசைக்கு ஓலை மாத்திட்டே இருந்தவங்க கதைதான் பெருசா தோணுச்சு, அவங்க பேரு எந்தக் கதைலயும் வரல.

மணப்பாட்டுல சாயங்காலம் வரைக்கும் இருக்க விட்டிருக்கணும். குன்றுக்கு ஒரு பக்கம் கடலு, ஒரு பக்கம் கழி, மேல நின்னா ரெண்டும் தெரியும். நாலரைக்கே ஹாரன் அடிக்க ஆரம்பிச்சுட்டான். எதுக்கு அவசரம்னு பாத்தா உடன்குடில கருப்பட்டிக் கடை! நிறுத்துனது சந்தோசம்தான், ஆனா அவன் நிறுத்துன கடைல கருப்பட்டி நெறமே சரியில்ல, சீனி கலந்த பளபளப்பு. அத்தை ஒரு துண்டு வாயில போட்டுப் பாத்துட்டு பேசாம வேன்ல ஏறிட்டா. நான் பின்னாடி தெருவுல விசாரிச்சு வாங்குனேன், அது நல்ல சரக்கு.

போறவங்களுக்கு: இதே ஆள்கிட்டதான் போறீங்கன்னா அந்த அண்ணாச்சி வாராரான்னு போன்லயே உறுதி பண்ணிக்கிடுங்க, அவரு எல்லா ட்ரிப்புக்கும் வரமாட்டாராம், அவரு இல்லன்னா இந்தக் காசுக்கு இது தேறாது. ஏசி ஓடலன்னா எவ்ளோ கழிப்பீயன்னு ஏறுறதுக்கு முன்னாடியே பேசிருங்க. நேர்ச்சை, மொட்டை, பூசைன்னு காரியம் இருக்குறவங்க இந்த டூர நம்பாதீங்க, திசையன்விளை வரைக்கும் பஸ்ல போய் அங்க இருந்து இன்னொரு பஸ்ஸோ ஆட்டோவோ பிடிச்சா நிம்மதியா இருந்துட்டு வரலாம். புளியம்பட்டி அந்தோணியார் கோவிலயும் சேத்து ஒரே நாள்ல காட்டுதோம்னு சிலபேரு சொல்லுதாவளாம், அது மணியாச்சிப் பக்கம், எதிர்த் திசை, அப்படிச் சொல்லுதவன்கிட்ட சீட்டே போடாதீங்க. கடைசி சீட்டும் வேண்டாம், இட்டமொழி ரோட்டுல இடுப்பு கழண்டுரும்.