பெட்டியில் 9500 லூமன்ஸ், சுவரில் 151

போன மாதம் 13,500 ரூபாய் கொடுத்து ஒரு ப்ரொஜெக்டர் வாங்கி நன்றாக ஏமாந்தேன். கடை காந்திபுரம் பக்கம், பெயரைச் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் கையில் ஒழுங்கான பில் இல்லை. அந்தக் கூத்தை அப்புறம் சொல்கிறேன்.

முதலில் 55 இன்ச் டிவி வாங்கத்தான் கிளம்பினோம். அதற்கு 35, 40 ஆயிரம் ஆகும் என்று தயங்கிக்கொண்டே நிற்கும்போது கடைப் பையன், "இதுல மூணுல ஒரு பங்கு காசுக்கு 100 இன்ச் பார்க்கலாம்ங்ண்ணா" என்று உள்ளே ஓர் அறைக்குக் கூட்டிப்போனான். கறுப்புத் துணி கட்டி இருட்டாக்கிய சின்ன அறை. சுவரில் மிஞ்சிப்போனால் 40 இன்ச்சுக்குப் படம், கறுப்புப் பின்னணியில் ஜெல்லி மீன் நீந்துகிறது, அடுத்து கலர் பெயின்ட் சிதறுகிறது. என் பையன் வாயைப் பிளந்துவிட்டான், நானும்தான். பெட்டியில் 9500 லூமன்ஸ் (ப்ரொஜெக்டர் வெளிவிடும் மொத்த வெளிச்சத்தின் அளவு), 4கே சப்போர்ட், எம்ஆர்பி 39,990 என்று கொட்டை எழுத்து. பில் கேட்டதற்கு, "பில் போட்டா ஜிஎஸ்டி தனியா வரும்ங்ண்ணா" என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். சரி, மிச்சம்தானே என்று வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். படித்தவன் செய்கிற வேலையா இது என்று மனைவி இன்றுவரை கேட்கிறாள்.

வீட்டு ஹாலில் 100 இன்ச்சுக்கு வைத்துப் போட்ட முதல் நாளே தெரிந்துவிட்டது. மத்தியானம் கிரிக்கெட் போட்டோம், பந்து எந்தப் பக்கம் போகிறதென்று கமெண்டரி கேட்டுத்தான் தெரிந்துகொண்டோம். ராத்திரி எல்லா லைட்டையும் அணைத்துவிட்டுப் படம் போட்டால் நடுவில் ஓரளவு தெளிவு, மூலைகளில் எல்லாம் கரைந்துபோய்க் கிடக்கிறது, நடுவைச் சரிசெய்ய ஃபோகஸைத் திருப்பினால் மூலை போகிறது, மூலையைப் பிடித்தால் நடு போகிறது. சப்டைட்டில் படிக்க முடியவில்லை. அம்மா கொஞ்ச நேரம் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "ஆபரேஷன் பண்ணுன கண்ணுல மறுபடி புரை விழுந்துருச்சா கண்ணு?" என்றாள்.

கிட்டப் போய்ப் பார்த்தேன். கொசுவலை மாதிரி சுவரெல்லாம் கட்டம் கட்டமாக இருந்தது. பையனின் ஸ்கேலை எடுத்து வைத்து எண்ணினேன், பத்து சென்டிமீட்டருக்கு 38, 39 கட்டம் வந்தது. 100 இன்ச் படத்தின் அகலம் 221 சென்டிமீட்டர். ஒரு கட்டம் என்பது படத்தின் ஒரு புள்ளி. பெருக்கிப் பார்த்தால் 850க்குப் பக்கம், அதாவது அகலத்தில் 854, உயரத்தில் 480 புள்ளி. ஃபுல் எச்டியாக இருந்தால் அதே பத்து சென்டிமீட்டரில் 87 கட்டம் இருக்கவேண்டும். 4கே என்பது 83 லட்சம் புள்ளி, இதில் இருப்பது நாலு லட்சத்துச் சொச்சம். 'சப்போர்ட்' என்ற வார்த்தையில்தான் சூட்சுமமே. 4கே சிக்னலைக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளும், வாங்கிச் சுருக்கிவிடும். இருபது லிட்டர் கேன் தண்ணீரை ஒரு லிட்டர் பாட்டிலில் ஊற்றிவிட்டு 'கேன் சப்போர்ட்' என்று சொல்வதுபோல. பார்க்கவேண்டியது 'நேட்டிவ் ரெசல்யூஷன்', அதாவது கருவியில் உண்மையில் எத்தனை புள்ளி இருக்கிறது என்ற ஒரு வரி, என் பெட்டியில் அது எங்குமே இல்லை, இல்லாததே ஒரு பதில் என்று அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

கேம் கதை இன்னும் மோசம். பையன் கார் ரேஸ் ஆடினான், ஒவ்வொரு வளைவிலும் சுவரில் போய் முட்டினான். 'நான் திருப்பிட்டேன்ப்பா, அதுதான் லேட்டாத் திரும்புது' என்று அழாத குறை. நம்பாமல் சோதித்தேன். லேப்டாப்பில் ஸ்டாப்வாட்ச் ஓடவிட்டு, அதையே எச்டிஎம்ஐ வழியாகச் சுவரிலும் காட்டி, இரண்டும் தெரிகிறமாதிரி போனில் ஃபோட்டோ எடுத்தேன். லேப்டாப்பில் 12.48, சுவரில் 12.35. 130 மில்லி செகண்ட், 60 ஃபிரேம் கணக்கில் கிட்டத்தட்ட எட்டு ஃபிரேம் தாமதம். கோணலாக விழும் படத்தை நேராக்கும் கீஸ்டோனை அணைத்துவிட்டு மறுபடி எடுத்தேன், 110 ஆனது, அவ்வளவுதான். கேமுக்கென்றே வருகிற நல்ல ப்ரொஜெக்டர்களில் இது 16, 20 அளவில் இருக்கும். படம் பார்ப்பவருக்கு இது பொருட்டே இல்லை, ஆடுகிறவனுக்கு இதுதான் எல்லாமே.

இனி அந்த 9500. கல்யாண ஃபோட்டோ எடுக்கிற நண்பர் ஒருவர், ஒரு சதுர மீட்டரில் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்று அளக்கும் லக்ஸ் மீட்டர் கொண்டுவந்தார். வெள்ளைத் திரையை ஒன்பது கட்டமாகப் பிரித்து ஒவ்வொன்றின் நடுவிலும் அளந்து, சராசரியைப் பரப்பால் பெருக்குவதுதான் ஆன்சி என்ற அமெரிக்கத் தர அமைப்பின் முறை. சராசரி 55 லக்ஸ், பரப்பு 2.75 சதுர மீட்டர், ஆக 151 லூமன்ஸ். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. தியேட்டர் திரைக்கு டிசிஐ என்ற ஹாலிவுட் ஸ்டுடியோக்களின் கூட்டமைப்பு வைத்திருக்கும் பிரகாச அளவு 48 நிட்ஸ், அதை 100 இன்ச் சாதாரண வெள்ளைத் திரைக்குக் கணக்குப் போட்டால் நல்ல இருட்டில் 415 ஆன்சி லூமன்ஸ் வந்தாலே போதும். ஆக 9500 உண்மையாக இருந்திருந்தால் எங்கள் ஹாலில் கண்ணே கூசியிருக்கும். 'ஆன்சி' அல்லது 'ஐஎஸ்ஓ' என்ற சொல் பக்கத்தில் இல்லாமல் வெறும் லூமன்ஸ் என்று போட்டிருந்தால் அந்த எண்ணை மதிக்காதீர்கள். கடையில் மட்டும் ஏன் பளிச்சென்று இருந்தது என்றால், படத்தை 40 இன்ச்சுக்குச் சுருக்கினால் அதே வெளிச்சம் ஆறு மடங்கு அடர்த்தியாக விழும், அறையும் இருட்டு, ஜெல்லி மீனுக்குப் பின்னால் இருப்பதும் கறுப்பு.

திருப்பிக் கொடுக்கப் போனால், பெட்டி திறந்தாச்சு, எடுக்க மாட்டோம் என்றார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், அப்படி எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம், பில் தராததும் அப்படித்தான். நாம் குடியிருக்கிற ஊரின் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் போடலாம், பொருளுக்குக் கொடுத்த காசு 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு போன் செய்து புகாரும் பதிந்தேன். ஆனால் என்னிடம் இருந்தது துண்டுச் சீட்டும் ஜிபே ஸ்கிரீன்ஷாட்டும்தான், சீட்டில் கடை பெயரோ மாடலோ கிடையாது, 'புரொஜ. 1' என்று மட்டும் எழுதியிருந்தது.

நாலாவது தடவை போனபோது ஃபோட்டோக்களையும் புகார் எண்ணையும் காட்டி, கொஞ்சம் சத்தமும் போட்டதும் முதலாளி இறங்கி வந்தார். 9,000 தருகிறேன், பேச்சை விடுங்கள் என்றார். அலைய நேரமில்லை, வாங்கிக்கொண்டேன், 4,500 போயிற்று.

பணத்தை எண்ணிக்கொண்டிருக்கும்போதே என் பெட்டி உள்ளறைக்குப் போய்விட்டது. எட்டிப் பார்த்தால் அதே ஜெல்லி மீன், அதன் முன்னால் ஒரு குடும்பம், சின்னப் பிள்ளை ஒன்று வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. அந்த அப்பாவிடம், "ஏனுங்க, ஒரு நிமிஷம் அந்த டியூப்லைட்டைப் போடச் சொல்லிப் பாருங்க" என்றேன். அவர் கடைப் பையனைத் திரும்பிப் பார்த்தார்.

"அது ஃபியூஸ் போயிருச்சுங்ண்ணா" என்றான்.