மனித இறப்புத் தரவுத்தளம்: ஆயுளின் வரலாற்றை வயதுவாரியாகக் காட்டும் சேவை

முற்காலத்தில் மக்கள் 35 வயதிலேயே கிழவராகி இறந்துபோனார்கள் என்ற தவறான எண்ணத்தை, ஹியூமன் மார்ட்டாலிட்டி டேட்டாபேஸ் என்னும் மனித இறப்புத் தரவுத்தளம் அளவுக்குத் தெளிவாகத் திருத்தும் சேவை வேறொன்றை நான் கண்டதில்லை. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகமும் ஜெர்மனியின் ராஸ்டாக் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் மக்கள்தொகை ஆய்வு நிறுவனமும் இணைந்து உருவாக்கிய இது, 2002 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. மின்னஞ்சல் முகவரியைப் பதிவு செய்தால் போதும்.

சுமார் 40 நாடுகள், பகுதிகளின் ஆயுள் அட்டவணைகள், அதாவது ஒவ்வொரு வயதிலும் எத்தனை பேர் இறக்கிறார்கள், எஞ்சியோர் சராசரியாக இன்னும் எத்தனை ஆண்டுகள் வாழ்வார்கள் என்று காட்டும் பட்டியல்கள், இதில் உள்ளன. அவற்றுள் மிக நீண்டது 1751இல் தொடங்கும் ஸ்வீடனின் வரிசை. நான் அதிக நேரம் செலவிட்டதும் அதில்தான். அக்காலத்தில் அங்கு பிறந்த குழந்தைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று முதல் பிறந்தநாளுக்கு முன்பே இறந்தது. பிறப்பின்போதான சராசரி ஆயுளை 40க்குக் கீழே இழுத்தவை பெரும்பாலும் இந்தச் சின்னஞ்சிறு மரணங்களே. 20 வயதை எட்டியவரோ சராசரியாக 55ஐயும் தாண்டி வாழ்ந்தார். விளைச்சல் பொய்த்துப் பஞ்சமும் வயிற்றுக்கடுப்பும் சூழ்ந்த 1773இல், சராசரி ஆயுள் 20க்கும் கீழே சரிந்ததைப் பார்த்தபோது அடுத்த வரிக்குச் செல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த ஒற்றை எண்ணுக்குள் எத்தனை வீடுகளின் துயரம் அடங்கியிருக்கிறது!

இச்சேவையின் பெரும் பலம், ஆண்டுவாரி அட்டவணையையும், வரிசை போதிய நீளமுள்ள நாடுகளுக்கு, ஒரே ஆண்டில் பிறந்தவர்களை வாழ்நாள் முழுவதும் பின்தொடரும் தலைமுறைவாரி அட்டவணையையும் தனித்தனியே தருவதாகும். 1918இன் இன்ஃபுளுவென்சா ஆண்டுவாரிக் கணக்கில் ஆயுளைச் சட்டென்று வீழ்த்துகிறது. ஆனால் அது அந்த ஓராண்டின் இறப்பு விகிதங்களே வாழ்நாள் முழுவதும் நீடித்தால் என்ன ஆகும் என்ற கணக்கே தவிர, அவ்வாண்டில் பிறந்தவர்கள் உண்மையில் வாழ்ந்த காலமன்று. இந்த வேறுபாட்டை உணராமல் எழுதப்படும் கட்டுரைகள் ஏராளம்.

குறைகளும் உண்டு. பிறப்பு, இறப்புப் பதிவுகள் ஏறத்தாழ முழுமையாக உள்ள இடங்களை மட்டுமே ஏற்பதால், ஆப்பிரிக்காவும் ஆசியாவின் பெரும்பகுதியும் இதில் இல்லை. ஜப்பானின் வரிசைகூட 1947இல்தான் தொடங்குகிறது. உலகச் சராசரி 1900இல் சுமார் 32 ஆக இருந்து 2019இல் ஏறத்தாழ 73 ஆக உயர்ந்த கதையை இதை மட்டும் வைத்து எழுத முடியாது. தரவுகள் வெறும் உரைக் கோப்புகளாகவே வருகின்றன. வரைபடத்தை நாமே வரைந்துகொள்ள வேண்டும். முதுமை வயதுகளுக்கான இறப்பு விகிதங்கள் கணித மாதிரியால் சீரமைக்கப்பட்டவை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

புதிதாக நுழைபவர்கள், ஒவ்வொரு நாட்டுக்கும் இணைக்கப்பட்டுள்ள பின்னணி ஆவணத்தை முதலில் படித்துவிடுவது நல்லது. எந்தக் காலத்து எண்களை எவ்வளவு நம்பலாம் என்பதை அதைத் தொகுத்தவர்களே அங்கு மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். இதன்மீது எனக்கு நம்பிக்கை பிறந்ததும் அதைப் படித்த பிறகுதான்.