டிக்கா டி3எக்ஸ் லைட்: ரெண்டு சீசன் மலையில தூக்கி அலைஞ்சப்புறம்

டிக்கா டி3எக்ஸ் லைட்ங்கறது ஒரு வேட்டை ரைஃபிள். முதல்லயே சொல்லிடறேன், இந்தியாவுல இருந்து படிக்கிறவங்களுக்கு இது உபயோகப்படாது, அங்க 1972ல வந்த வனவிலங்கு சட்டப்படி வேட்டைக்கு தடை. நான் இருக்கறது கொலராடோ. இங்க ஹண்டர் எஜுகேஷன் கிளாஸ் முடிச்சு, லைசென்ஸ் வாங்கி, பளிச்சுனு ஆரஞ்சு கலர்ல மேல்சட்டையும் தொப்பியும் மாட்டிக்கிட்டு சட்டப்படி எல்க் வேட்டைக்கு போகலாம். எல்க்னா நம்ம கடமானுக்கு சொந்தக்காரன், ஆண் ஒண்ணு 300 கிலோ வரும். அமெரிக்காவுலயே இந்த மாநிலத்துலதான் அது அதிகம், ஆனா ரோட்டோரமா நிக்காது, 10,000 அடி 11,000 அடின்னு ஏறி, முதுகுல டெண்ட்டு சாப்பாடு எல்லாம் சுமந்துக்கிட்டு, மூச்சு வாங்க வாங்க தேடணும், அப்ப கையில இருக்கற ரைஃபிளோட ஒவ்வொரு நூறு கிராமும் தெரியும்.

அதனால எல்லாரும் பண்ற தப்பைத்தான் நானும் பண்ணேன். எடை கம்மியா இருக்கறதுலயே கம்மியானது எதுன்னு தேடி வாங்குனேன். பிராண்டு பேரு வேண்டாம், அது மேல குத்தம் இல்ல. கார்பன் ஃபைபர் ஸ்டாக் (தோள்ல வெக்கிற கட்டை), குச்சி மாதிரி பேரல் (குழாய்), 300 வின் மேக்ங்கற சக்தி ஜாஸ்தியான தோட்டா, ஸ்கோப் இல்லாம ஆறு பவுண்டுக்கும் (2.7 கிலோ) கீழ. கடைக்காரர் "இதுல 700 யார்டு அசால்ட்டா போகலாம்"னாரு (ஒரு யார்டு ஒரு மீட்டருக்கு கொஞ்சம் கம்மி), நானும் 700 யார்டுல எல்க் வரிசையா நிக்கப் போற மாதிரி தலையாட்டிட்டு கார்டை நீட்டிட்டேன்.

சுட்டுப் பழகற ரேஞ்சுல முதல் மூணு ரவுண்டு (தோட்டா) அருமையா ஒரே இடத்துல விழுந்துச்சு. நாலாவது கொஞ்சம் மேல, அஞ்சாவது இன்னும் மேல இடது பக்கம். மெல்லிசு பேரல் சீக்கிரம் சூடாகும், சூடானா சில பேரல்ல குண்டு விழற இடம் நகரும், வேட்டையில ஒண்ணோ ரெண்டோதானே சுடப் போறோம்னு மனசை தேத்திக்கிட்டேன். ஆனா சுட்டதும் தோள்ல வந்து விழற உதை இருக்கே, அதை தேத்திக்க முடியல. 300 வின் மேக்கோட உதை அதே எடை ரைஃபிள்ல 6.5 கிரீட்மூர்ங்கற சின்ன தோட்டாவை விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, எடையை குறைக்க குறைக்க அது இன்னும் ஏறும். பத்து ரவுண்டு தாண்டினா தோள்பட்டை கன்னிப்போயிடும், அதை விட மோசம் என்னன்னா ட்ரிகர்ல விரல் வெச்சதுமே கண்ணு தானா மூட ஆரம்பிச்சுடும். உதையை குறைக்க பேரல் முனையில மஸல் பிரேக்னு ஓட்டை போட்ட ஒரு குழாய் மாட்டியிருந்தாங்க, குறையுது, சத்தம் மட்டும் பக்கத்துல நிக்கறவன் பல்லு ஆடற அளவுக்கு.

2023 அக்டோபர் கடைசி, ரெண்டாவது ரைஃபிள் சீசன். கணுக்கால் அளவு பனி. காலையில ஏழு மணிக்கு ஒரு மேட்டுல ஏறி எட்டிப் பாத்தா எதிர் சரிவுல ஒரு ஆண் எல்க் தனியா மேஞ்சுட்டு இருக்கு, ரேஞ்ச்ஃபைண்டர்ல பாத்தா 320 யார்டு. படுத்து சுடலாம்னா முன்னாடி புதர் மறைக்குது, அதனால உக்காந்து, ட்ரெக்கிங் கம்பு ரெண்டையும் குறுக்க வெச்சு அது மேல ரைஃபிளை சாச்சேன். ஏறி வந்த வேகத்துல இதயம் அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் ஸ்கோப் குறி தோள்ல இருந்து பின்தொடைக்கு போயிட்டு திரும்பி வருது, எடையே இல்லாத ரைஃபிள் நம்ம நாடித்துடிப்பை அப்படியே காட்டிக் குடுக்கும்னு எந்த பிரோஷர்லயும் போட மாட்டாங்க. சுட்டேன். காதுல இயர்பிளக் வெக்க மறந்தது என் தப்பு, கொய்ங்னு ஒரே சத்தம். எல்க் தலையை தூக்கி ஒரு பார்வை பாத்துட்டு, அவசரமே இல்லாம மரங்களுக்குள்ள நடந்து போச்சு. போய் ஒன்றரை மணி நேரம் தேடினோம், ரத்தம் இல்ல, முடி இல்ல, வெறும் குளம்புத் தடம்தான். காயம் படாம தப்பிச்சதுல எனக்கு நிம்மதிதான்.

கூட வந்தவரு ஆபீஸ்ல சீனியர், அறுபது தாண்டினவரு, அப்பா காலத்துல இருந்து வேட்டைக்கு போறவரு. திட்டல. இறங்கும்போது ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு: "இந்த ரைஃபிளை ரேஞ்சுல பெஞ்சு மேஜையில சாச்சு வெக்காம எத்தனை ரவுண்டு சுட்டிருக்கே?" யோசிச்சுப் பாத்தேன். ஒண்ணு கூட இல்ல, உதைக்கு பயந்து.

அடுத்த வருஷம் அதை வித்துட்டு வாங்கினதுதான் டிக்கா டி3எக்ஸ் லைட், ஸ்டெயின்லெஸ், 6.5 கிரீட்மூர். ஃபின்லாந்துல ரீஹிமாக்கிங்கற ஊர்ல சாகோ கம்பெனி பண்றது, டி3எக்ஸ் 2016ல வந்துச்சு, அதுக்கு முன்னாடி டி3. வெறும் ரைஃபிள் சுமார் ஆறரை பவுண்டு, மூணு கிலோன்னு வெச்சுக்கோங்க. கிம்பர் மவுண்டன் அசென்ட், வெதர்பி பேக்கன்ட்ரி டைட்டானியம் மாதிரி அஞ்சு பவுண்டை ஒட்டி நிக்கிற ரைஃபிள்கள் பக்கத்துல வெச்சா இது வெயிட்டுதான். விலை அதுங்களை விட ரொம்ப கம்மி, எனக்கு ஆயிரம் டாலருக்குள்ள முடிஞ்சுது. இங்க 2023 அக்டோபர்ல இருந்து பணம் கட்டினாலும் மூணு நாள் கழிச்சுதான் கையில குடுப்பாங்க, சீசனுக்கு முந்தின நாள் கடைக்கு ஓடாதீங்க. விசாவுல இருக்கறவங்களுக்கு துப்பாக்கி வெச்சுக்க பொதுவா தடை, ஹண்டிங் லைசென்ஸ் இருந்தா விதிவிலக்கு உண்டு, ஆனா இமிக்ரேஷன் விஷயம், வக்கீல்ட்ட கேட்டுட்டு செய்ங்க, நானே கிரீன் கார்டு வந்தப்புறம்தான் தொட்டேன்.

டிக்காவுல எனக்கு ரொம்ப புடிச்சது போல்ட், அதாவது அடுத்த தோட்டாவை ஏத்த கையால தூக்கி இழுக்கற பாகம். 70 டிகிரி தூக்கினா போதும், எண்ணெய் போட்ட கதவு மாதிரி வழுக்கிட்டு வரும், ஸ்கோப்ல இருந்து கண்ணை எடுக்காமயே அடுத்த ரவுண்டு ஏத்தலாம், உறைஞ்ச கையோட கிளவுஸ் போட்டுக்கிட்டும் பண்ணலாம். ட்ரிகர் ரெண்டுல இருந்து நாலு பவுண்டு வரைக்கும் நாமளே மாத்திக்கலாம், நான் குளிருக்காக ரெண்டரை பக்கம் வெச்சிருக்கேன். 100 யார்டுல மூணு ரவுண்டு ஒரு இன்ச்சுக்குள்ளன்னு கம்பெனி கேரண்டி, என்கிட்ட இருக்கறது 143 கிரெய்ன் (குண்டோட எடை, ஒன்பது கிராம் சொச்சம்) ஹார்னடி ஈஎல்டி-எக்ஸ் தோட்டா போட்டா அதுக்குள்ளயே நிக்குது. தோட்டா வெக்கிற மேகசின் பிளாஸ்டிக், மூணே ரவுண்டு. ஸ்டாக் பாக்க பொம்மைத் துப்பாக்கி மாதிரிதான் இருக்கும், ஷோகேஸ்ல வெக்கிற ஆசை இருந்தா வேற பாருங்க.

மொத்த எடைக்கு வரேன், ஏன்னா விளம்பரத்துல போடறது வெறும் ரைஃபிள் எடை, மலையில நாம அதை மட்டும் தூக்கறதில்ல. நான் மேல போட்ட ஸ்கோப் லியுபோல்ட் விஎக்ஸ்-3ஹெச்டி 3.5-10x40, 13 அவுன்ஸ் (370 கிராம்) பக்கம்தான். ஸ்கோப்பை பிடிக்கிற ரிங்ஸ், தோள்ல மாட்டற ஸ்லிங், உள்ள ரவுண்டு எல்லாம் சேத்து எட்டு பவுண்டு சொச்சம், 3.7 கிலோவுக்குள்ள அடங்கிடுச்சு. பழைய ரைஃபிள்ல கிட்டத்தட்ட 30 அவுன்ஸ் ஸ்கோப்பையும் பைபாடையும் (முன்னாடி தாங்கற ரெண்டு கால் ஸ்டாண்டு) மாட்டி நானே எட்டரை பவுண்டு ஆக்கி வெச்சிருந்தேன், அதாவது லேசான ரைஃபிளுக்கு அத்தனை டாலர் கூட குடுத்துட்டு இதை விட வெயிட்டா தூக்கிட்டு அலைஞ்சிருக்கேன்.

இப்ப லாங் ரேஞ்ச் கதை. இந்த குண்டு 200 யார்டுல சரியா குறியில விழற மாதிரி ஸ்கோப்பை செட் பண்ணா (ஜீரோ பண்றதுன்னு பேரு) 300ல எட்டு இன்ச், 400ல ரெண்டு அடிக்கு பக்கம், 500ல நாலு அடிக்கு பக்கம் இறங்கும், மலையில காத்து லேசா இருக்கறதால அதை விட கொஞ்சம் கம்மி. இறக்கம் பிரச்னையே இல்ல, தூரம் தெரிஞ்சா ஸ்கோப் டயலை திருப்பிக்கலாம். காத்துதான் ஆளை முடிக்கும். மணிக்கு பத்து மைல் வேகத்துல குறுக்கு காத்து அடிச்சா 500 யார்டுல ஒன்றரை அடிக்கு பக்கம் தள்ளிடும், எல்க்கோட நெஞ்சுப் பகுதியே ஒரு அடிக்கு கொஞ்சம் கூடத்தான், பள்ளத்தாக்குக்கு நடுவுல காத்து என்ன பண்ணுதுன்னு இங்க நிக்கற நமக்கு எப்படி தெரியும்?

எல்க்குக்கு கிரீட்மூர் பத்தாதுன்னு சண்டைக்கு வர்றவங்களுக்கு: கொலராடோ சட்டப்படி .24 காலிபர், 85 கிரெய்ன் குண்டு, 100 யார்டுல குண்டோட சக்தி 1000 ஃபுட்-பவுண்டு இருந்தா போதும், இது அதை தாண்டி எங்கயோ நிக்குது. பெரியவங்க 1500 வேணும்னு ஒரு கணக்கு வெச்சிருப்பாங்க, அப்படியே பாத்தாலும் 400 யார்டை ஒட்டித்தான் அதுக்கு கீழ இறங்கும். என் எல்லை 350, அதுக்கு மேல கிட்ட நடந்து போறேன், இல்லன்னா விட்டுடறேன். இன்னும் சக்தி வேணும்னா 6.5 பிஆர்சி, 7 எம்எம் பிஆர்சின்னு தோட்டாங்க இருக்கு, உதையும் கூடவே வரும், உங்க தோளு உங்க இஷ்டம்.

உதை கம்மிங்கறதால அந்த கோடை முழுக்க நூத்தம்பது ரவுண்டு சுட்டிருப்பேன், எல்லாமே உக்காந்து, முழங்கால் போட்டு, பேக் மேல சாச்சு, பெஞ்சு பக்கமே போகல. போன சீசன்ல ஒரு பெண் எல்க், 240 யார்டு, பேக் மேல ரைஃபிளை வெச்சு படுத்துக்கிட்டு மூச்சை அடக்க ரெண்டு நிமிஷம் எடுத்துக்கிட்டேன். ஒரே குண்டு, முப்பது அடி கூட போகல. கறியை ரெண்டு பேருமா மூணு நடை சுமந்து காருக்கு கொண்டு வந்தோம், மூணாவது நடைக்கு ரைஃபிளை கார்லயே பூட்டி வெச்சுட்டுத்தான் போனேன், முட்டி அப்பவே பேச ஆரம்பிச்சுடுச்சு. வீட்டுல ஃப்ரீசர் நிறைஞ்சதும் வீட்டம்மா கேட்ட கேள்வி, "ஏங்க, ஐஸ்கிரீமை எங்க வெக்கறது?"

புதுசா வாங்கறவங்க ஒரு இன்சுலேஷன் டேப்பை பேரல் முனையில ஒட்டிக்கோங்க, பனி உள்ள போகாது. சுடும்போது எடுக்க வேண்டியதில்ல, அதுவே பிச்சுக்கிட்டு போயிடும்.