"200 ஆம்பியர்" லித்தியம் பேட்டரின்னு 62,500 ரூபாய் போச்சு. கேரவன் கட்டுறவங்க படிச்சுட்டுப் போங்க

பேர் போடல. நீலகிரி அடிவாரத்துல வேனை கேரவனா மாத்திக் கொடுக்குற பட்டறை, அவ்வளவுதான். 12 வோல்ட், 200 ஆம்பியர்-ஹவர் (ஏஹெச்; 10 ஆம்பியர் எடுத்தா 20 மணி நேரம் வரணும்) லித்தியம் பெர்ரோ பாஸ்பேட் பேட்டரி, ரூ. 62,500. ஜிஎஸ்டி பில் கேட்டதுக்கு "அப்புறம் அனுப்புறேன் சார்"னு துண்டுச் சீட்டுதான் வந்துச்சு.

நம்ப வெச்ச விதம்தான் வயிறு எரியுது. இன்வெர்ட்டர்ல 1200 வாட் கெட்டிலை மாட்டி அஞ்சு நிமிஷத்துல தண்ணி கொதிக்க வெச்சுக் காட்டினாங்க. போன்ல புளூடூத் ஆப்பைத் திறந்தா "200 ஏஹெச், 100%". தராசுல 21 கிலோ. எல்லாம் சரியாத்தானே இருக்கு?

எதுவுமே சரியில்ல. அந்தக் கெட்டில் அஞ்சு நிமிஷத்துல எடுக்குறது சுமார் 9 ஆம்பியர்-ஹவர். 200-ல பாதிகூட இல்லாத பேட்டரியும் அதைத் தாங்கும். ஆப்ல தெரியுற 200 அளந்து வர்ற எண் இல்ல. பிஎம்எஸ் (பேட்டரிக்குள்ள இருக்குற பாதுகாப்பு சர்க்யூட்) செட்டிங்ல யாரோ கையால டைப் பண்ணினது. 500னு போட்டா 500னு காட்டும்.

ஊட்டிக்குப் பக்கத்துல எமரால்டு, தென்மேற்குப் பருவமழை, மூணு நாள் மூட்டம். சோலார் பூஜ்யம்னு வெச்சுத்தான் கணக்கு: பிரிட்ஜ் 25, டீசல் ஹீட்டர் 16, லைட், பம்பு, போன் 10. ஒரு நாளைக்கு சுமார் 50 ஆம்பியர்-ஹவர். 200 இருந்தா மூணு நாளைக்கு மேல ஓடணும். ரெண்டாவது ராத்திரியே பேட்டரி காலின்னு பிஎம்எஸ் கரன்ட்டை கட் பண்ணிடுச்சு. ஹீட்டர் ஓடும்போது கரன்ட் போனா, உள்ள இருக்குற சூட்டை வெளியேத்த ஃபேன் சுத்தாது. அப்படி நின்னா ஹீட்டரே கெடும்.

இறங்கி வந்து ஷன்ட் மீட்டர் (பேட்டரியில இருந்து நிஜமா வெளிய போற கரன்ட்டை அளக்குறது) மாட்டி 10 ஆம்பியர் லோடுல காலி பண்ணினா, 20 மணி நேரம் ஓட வேண்டியது ஏழு மணி நேரத்துல நின்னுச்சு. மீட்டர்ல 71 ஆம்பியர்-ஹவர். பெட்டியைத் திறந்தா 6 ஆம்பியர்-ஹவர் உருளை செல் 52: நாலு வரிசை, வரிசைக்கு 13. புதுசாவே இருந்தாலும் 78தான். மிச்ச எடைக்கு அடியில ஒரு கான்கிரீட் பலகை. 62,500 ரூபாய்க்கு கான்கிரீட்!

பட்டறைக்காரங்க முதல்ல சொன்ன பதில்: "ஊட்டிக் குளிர்ல லித்தியம் அப்படித்தான் சார் காட்டும்." பத்து, பதினஞ்சு சதவீதம் குறையும், சரி. மூணுல ஒரு பங்கா ஆகுமா? அடுத்து, "கீழ கொண்டு வாங்க." கொண்டு போனா, "டெக்னீஷியன் வெளியூர்." கடைசியா, "பெட்டியை நீங்க திறந்துட்டீங்க, வாரண்டி போச்சு." திறக்காட்டி கான்கிரீட் எப்படித் தெரியும்னு கேட்டதுக்கு போனை வெச்சுட்டாங்க. அன்னையிலிருந்து எடுக்கவே இல்ல. ரூ. 62,500.

விவரமா எழுதலாம்னு உட்கார்ந்தேன், பொறுமை இல்ல. அவசரத்துக்கு இவ்வளவுதான்:

பட்டறையிலேயே ஷன்ட் மீட்டரோட முழு டிஸ்சார்ஜ் பண்ணிக் காட்டச் சொல்லுங்க. நேரமில்லன்னா வாங்காதீங்க. எடையை நம்பாதீங்க, மூடி போடுறதுக்கு முன்னாடி செல்லைப் பார்த்து போட்டோ எடுங்க. பில் இல்லாம ஒரு ரூபாய்கூட, அதுவும் தனி ஆள் ஜிபே நம்பருக்கு, போடாதீங்க.

பிஎம்எஸ்ல குளிர் சென்சார் இருக்கான்னு கேளுங்க. ஊட்டிக்குப் பக்கத்துல தலைகுந்தா மாதிரி இடத்துல ஜனவரி உறைபனியில பூஜ்யத்துக்குக் கீழ சார்ஜ் ஏத்தினா செல் நிரந்தரமாப் போகும். இதுல சென்சாரே இல்ல.

ஆல்டர்னேட்டர்ல (வண்டி இன்ஜின்ல சுத்தி கரன்ட் தர்றது) இருந்து வெறும் ரிலே சுவிட்ச் போட்டு லித்தியத்துக்கு இழுத்திருந்தா கழட்டச் சொல்லுங்க, இழுக்குற கரன்ட்டை அளவோட நிறுத்துற டிசி-டிசி சார்ஜர் வேணும். கல்லட்டி மாதிரி செங்குத்தான மலை ஏத்தத்துல வண்டி ஊர்ந்து போகும்போது காத்துப் படாம ஆல்டர்னேட்டர் வெந்துரும். பேட்டரி பாசிட்டிவ் பக்கத்துலயே பியூஸ் இருக்கான்னும் பாருங்க, இங்க அதுவும் இல்ல. நுகர்வோர் உதவி எண் 1915, அங்க புகார் கொடுத்தாச்சு.