பில்லில் ரெய்டு 1, சர்வரில் ஒற்றை டிஸ்க்: வேலூர் கடைக்காரர்கள் கவனத்துக்கு

வேலூர் ஆபீசர்ஸ் லைன் பக்கம் ஒரு மருந்து மொத்த வியாபாரக் கடை. பில்லிங் சர்வர் உபுண்டுவில் ஓடுகிறது. உள்ளே 1 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்றே ஒன்று. இன்னொன்று போட்டு மிரரிங் (இரண்டு டிஸ்கிலும் ஒரே டேட்டாவை எழுதி, ஒன்று போனாலும் மற்றது கைகொடுக்கும் ரெய்டு 1 ஏற்பாடு) செய்து தருகிறேன் என்று ஒரு சர்வீஸ்காரர் வந்தார். ஒன்றரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது என்று சொல்லி பில்லையும் நீட்டினார். மூன்று மாதம் கழித்து ஒருநாள் கரண்ட் போய் வந்தது. சர்வர் ஒரு எரரும் காட்டாமல் ஏறிக்கொண்டது. நாற்பது பில் அடித்து வண்டியிலும் ஏற்றிய பிறகுதான் தெரிந்தது, பில் நம்பர் மூன்று மாதம் பின்னால் போயிருக்கிறது.

நடந்தது இதுதான். ஓடுகிற சர்வரில் மிரர் சேர்க்க, புது டிஸ்கை மட்டும் வைத்து அர்ரே (டிஸ்குகளை ஒன்றாகச் சேர்த்த தொகுப்பு) உருவாக்குவார்கள். ஜோடியின் இன்னோர் இடத்தை ‘மிஸ்ஸிங்’ என்று காலியாக விடுவார்கள். டேட்டாவை அதற்குள் நகலெடுத்து, அதிலிருந்தே பூட் செய்து பார்த்துவிட்டு, கடைசியாகப் பழைய டிஸ்கை ‘ஆட்’ கொடுத்துச் சேர்க்க வேண்டும். அந்தக் கடைசி வேலையைத்தான் அவர் செய்யவில்லை. கடை மூன்று மாதமும் புது டிஸ்கில் மட்டும் ஓடியது. பழையது அன்றைய தேதியோடு உறைந்து கிடந்தது. புது டிஸ்கின் சாட்டா கேபிள் நழுவியதும் பயாஸ் (ஆன் செய்ததும் முதலில் ஓடும் புரோகிராம்) அடுத்த டிஸ்கைப் பார்த்தது. அதில் பழைய க்ரப் (உபுண்டுவை ஏற்றிவிடும் பூட் புரோகிராம்) அப்படியே இருந்ததால் சமர்த்தாக ஏறிவிட்டது.

அந்த ஒன்றரை மணி நேரமே சந்தேகத்தைக் கிளப்பியிருக்க வேண்டும். எம்டி ரெய்டு (லினக்ஸில் உள்ள சாஃப்ட்வேர் ரெய்டு) காலி இடத்தையும் சேர்த்தே சிங்க் செய்யும், அதாவது ஒரு டிஸ்கை மற்றதோடு சமமாக்கும். நொடிக்கு 120 எம்பி வேகத்தில் போனாலும் 1 டிபிக்கு இரண்டேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதுவும் நகலெடுத்து முடித்த பிறகு. அவர் காட்டிய ஆதாரம், டிஸ்க் இடத்தைக் காட்டும் ‘டிஎஃப்’ கட்டளையில் வந்த எம்டி0 என்ற அர்ரே பெயர். அர்ரே இருக்கிறது என்பதற்குத்தான் அது சாட்சி, இரண்டு டிஸ்க் இருப்பதற்கு அல்ல. பார்க்க வேண்டியது அர்ரேயின் நிலையைச் சொல்லும் ப்ராக் எம்டிஸ்டாட் ஃபைல். சதுர அடைப்புக்குள் 2/2 என்றும், பக்கத்தில் இரண்டு யூ எழுத்தும் இருக்க வேண்டும். 2/1 என்றோ, ஒரு யூவின் இடத்தில் கீழ்க்கோடு என்றோ வந்தால் ஒரு கால் இல்லாத நாற்காலிதான்.

புது டிஸ்க் என்று விற்றதும் புதிதல்ல. டிஸ்கின் உடல்நிலையைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையில் பார்த்தால் பவர் ஆன் அவர்ஸ் (ஓடிய மணி நேரம்) 31,000, அதாவது மூன்றரை வருடம் நிற்காமல் ஓடிய சரக்கு. கவரைப் பிரித்ததும் அந்த எண்ணைப் பாருங்கள். பழைய டிஸ்கில் 5 (கெட்டுப்போய் மாற்றப்பட்ட செக்டார்கள்), 197 (கெட்டிருக்கலாம் என்று சந்தேகப்படும் செக்டார்கள்) ஆகிய அட்ரிபியூட்டுகளின் ரா வேல்யூ பூஜ்யமாக இல்லையென்றால் அதை ஜோடியில் சேர்க்காதீர்கள், மாற்றிவிடுங்கள்.

முறையாகச் செய்தால்: முதலில் வெளி டிஸ்கில் முழு பேக்கப். அர்ரே எப்போதும் சிறிய டிஸ்கின் அளவுதான் என்பதால், 1 டிபிக்கு ஜோடியாக 960 ஜிபி எஸ்எஸ்டி வாங்கி வந்து பிறகு முழிக்க வேண்டாம். ‘சர்வரை நிறுத்தாமலே செய்து தருகிறேன்’ என்று யாராவது சொன்னால் அது வாய்ப்பேச்சு. டேட்டாபேஸை நிறுத்தாமல் ஆர்சிங்க் (ஃபைல்களை நகலெடுக்கும் கட்டளை) ஓட்டினால் நகல் பாதி எழுதிய நிலையில் வந்து சேரும். பிறகு எஃப்எஸ்டேபில் (எந்த டிஸ்கை எங்கே இணைப்பது என்று சொல்லும் ஃபைல்) யூயூஐடியை (டிஸ்க் பகுதியின் அடையாள எண்) மாற்றி, எம்டிஏடிஎம் கான்ஃபில் (ரெய்டின் செட்டிங் ஃபைல்) அர்ரே வரியைச் சேர்த்து, பூட்டின்போது முதலில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பிக்க வேண்டும். க்ரப்பை இரண்டு டிஸ்கிலும் நிறுவ வேண்டும். யூஇஎஃப்ஐ (பயாஸுக்குப் பதிலாக வந்த புது முறை) இயந்திரமென்றால் பூட் ஃபைல்கள் இருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷன் இந்த அர்ரேயில் அடங்காது. அதைத் தனியாக இரண்டாவது டிஸ்கிலும் நகலெடுத்து பூட் என்ட்ரி போட வேண்டும். பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான்.

பணம் கொடுக்கும் முன் ஒரு சோதனை. சர்வரை அணைத்து ஒரு டிஸ்கின் கேபிளைக் கழற்றி ஏற்றிப் பாருங்கள். ஏறினால் அணைத்து, மாட்டி, மறுபடி சேர்த்து, சிங்க் முழுக்க முடிந்த பிறகே மற்றதைக் கழற்ற வேண்டும். அவசரப்பட்டு மாற்றி மாற்றிக் கழற்றினால் இரண்டும் ஆளுக்கொரு கணக்கு சொல்லும். இரண்டு டிஸ்கையும் ஒட்டி அடுக்காமல் நடுவில் ஓர் இடைவெளி விடச் சொல்லுங்கள். ஏசி இல்லாத அறையில் நம்ம ஊர் கத்திரி வெயிலை டிஸ்குகளும் தாங்க வேண்டும்.

சர்வீஸ்காரரைத் திரும்பக் கூப்பிட்டதற்கு, “மிரர் உடைஞ்சிருக்கு சார், புதுசா க்ரியேட் பண்ணி பழைய டிஸ்க்ல இருந்து சிங்க் பண்ணிடலாம்” என்றார். அப்படிச் செய்திருந்தால் மூன்று மாதக் கணக்கு போயே போயிருக்கும். அவரைத் தடுத்து, நழுவிய டிஸ்கை வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டி ரீட் ஒன்லியாக (எதையும் எழுதாமல் படிக்க மட்டும்) அர்ரேயை அசெம்பிள் செய்ததில் கரண்ட் போகும் வரை அடித்த எல்லா பில்லும் கிடைத்தது. இதே நிலையில் யாராவது இருந்தால் பில் அடிப்பதை உடனே நிறுத்தி, சர்வரை அணைத்து, இரண்டு டிஸ்கின் மேலும் மார்க்கரால் ‘பழையது’, ‘புதியது’ என்று எழுதி வையுங்கள். பழைய நம்பரில் வெளியே போன நாற்பது பில்லையும் கேன்சல் செய்து, புது நம்பர் போட்டு, கடை கடையாகத் திரும்ப வாங்கும் வேலை இன்னும் முடியவில்லை.