ஆம்ஸ்டர்டாமில் திமிங்கில எண்ணெய் நடை: ஐந்துக்கு மூன்று நட்சத்திரம்

போன மாதம் ஆம்ஸ்டர்டாமில் இரண்டரை மணி நேர நடைப்பயணம் ஒன்றுக்குப் பணம் கட்டிப் போனேன். 17ஆம் நூற்றாண்டுத் திமிங்கில வியாபாரிகளைப் பற்றியது, விளம்பரத்தில் ‘ஏகபோகம், கள்ளக் கடத்தல், மோசடி’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள், அதைப் பார்த்துத்தான் மயங்கினேன். நடத்துகிறவர்கள் பெயர் வேண்டாம். சின்ன அமைப்பு, ஆட்கள் அன்பானவர்கள்.

முதல் ஒரு மணி நேரம் கொடுத்த காசுக்குத் தகும். கெய்சர்ஸ்கிராக்ட் கால்வாய்க் கரையில் 40, 42, 44 என்று மூன்று பழைய கிடங்குகள் ஒட்டி நிற்கின்றன, 1621இல் கட்டியவை, ஐந்தில் மிச்சம் மூன்று. திமிங்கில எண்ணெயை இங்கேதான் தொட்டிகளில் ஊற்றி வைத்து, விலை பார்த்து, விளக்குக்கும் சோப்புக்கும் விற்றார்கள். கட்டியது நோர்ட்ஸ கம்பெனி, அதாவது வடக்குக் கம்பெனி. 1614இல் டச்சு அரசு இவர்களுக்கு ஒரு சாசனம் எழுதிக் கொடுத்தது: ரஷ்யாவுக்கு வடக்கே உள்ள நோவாயா செம்ல்யா தீவுகளிலிருந்து கிரீன்லாந்துக்கும் கனடாவுக்கும் நடுவே உள்ள டேவிஸ் நீரிணை வரை டச்சுக்காரர்களில் இவர்கள் மட்டும்தான் திமிங்கிலம் பிடிக்கலாம். ஊருக்கு ஒரு கிளை, எந்தக் கிளை எவ்வளவு எண்ணெய் கொண்டுவரலாம், என்ன விலைக்கு விற்கலாம் என்று உள்ளுக்குள்ளேயே பேசி முடித்துக்கொள்வார்கள். இன்றைக்கு யாராவது இப்படிச் செய்தால் கோர்ட்டில் நிற்க வேண்டியிருக்கும். இந்த இடத்தை வழிகாட்டி அழகாக விளக்கினார்.

ஆங்கிலேயர் கதையும் நன்றாகவே வந்தது. 1613இல் லண்டனின் மஸ்கோவி கம்பெனி, ரஷ்ய வியாபாரத்துக்காகத் தொடங்கியது, ராஜாவின் உரிமத்தோடு வட துருவத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுக்கு ஏழு கப்பல் அனுப்பி, அங்கே இருந்த டச்சு, பாஸ்க் (ஸ்பெயின்-பிரான்ஸ் எல்லைக் கடற்கரைக்காரர்கள்), பிரெஞ்சுக் கப்பல்களை விரட்டி, சரக்கையும் பிடுங்கிக்கொண்டது. அதற்கு முந்தின வருஷம் ஸ்பானியக் கப்பல் ஒன்றுக்கு அங்கே வழிகாட்டிப் போன நிக்கோலஸ் உட்காக், அதே கம்பெனியில் முன்பு வேலை பார்த்த ஆள், லண்டன் திரும்பியதும் 16 மாதம் சிறையில் கிடந்தார். வழி தெரிந்த குற்றத்துக்கு!

ஆனால் நான் காத்திருந்த ஒரு விஷயம் கடைசிவரை வரவே இல்லை. கடல் எல்லாருக்கும் பொது என்று 1609இல் எழுதியவர் ஹ்யூகோ குரோஷியஸ், டச்சுச் சட்ட அறிஞர். ஆங்கிலேயரிடம் அந்த நியாயத்தைப் பேசிய அதே நாடு, ஐந்தே வருஷத்தில் சொந்த வியாபாரிகளுக்கே அந்தக் கடலைப் பூட்டிச் சாவியைச் சிலர் கையில் கொடுத்தது. இதைச் சொல்லாமல் அந்தக் கிடங்கு வாசலில் நின்று என்ன பயன்?

அப்புறம் ஸ்மீரன்பர்க். ஸ்பிட்ஸ்பெர்கன் பக்கத்தில் ஒரு தீவில் டச்சுக்காரர்கள் கொழுப்பு உருக்கிய இடம், பெயரைத் தமிழில் சொன்னால் கொழுப்பூர். ஆயிரக்கணக்கான ஆட்கள், ரொட்டிக் கடை, சாராயக் கடை, சூதாட்டம் என்று வழிகாட்டி அடுக்கிக்கொண்டே போனார். அதெல்லாம் பழைய கட்டுக்கதை. 1979 முதல் 1981 வரை அங்கே தோண்டிப் பார்த்தார்கள், உச்ச காலத்திலும் 200 பேர் அளவுக்குத்தான் இடம். கேட்டேன், “கதை நன்றாக இருக்கிறதே” என்று சிரித்தார். போதாததற்கு கொர்னேலிஸ் டெ மான் 1639இல் வரைந்த ஓவியத்தின் அச்சுப் படத்தைக் காட்டி, இதுதான் ஸ்மீரன்பர்க் என்றார். அந்தப் படமே டேனிஷ் நிலையத்தைக் காட்டும் வேறொரு ஓவியத்தைப் பார்த்து வரைந்தது, டச்சுக்காரர்களின் போட்டியாளர்கள் எண்ணெய் காய்ச்சிய இடம்! மோசடியைப் பற்றிய நடையில் சரக்கே கலப்படம்.

சரி, மோசடி எங்கே? ஐந்து நிமிஷம், அவ்வளவுதான். உரிமம் இல்லாதவன் அடுத்த நாட்டுக் கொடியின் கீழ் போய் வேட்டையாடுவதுதான் இந்தத் தொழிலின் உயிரே, அதைத் தொட்டுவிட்டு நகர்ந்துவிட்டார்கள். உதாரணத்துக்கு, டேனிஷ் ராஜாவின் உரிமத்தில் வேட்டையாட வந்தவர்கள் பாஸ்க் மாலுமிகள். 1632இல் டச்சுக்காரர்கள் அவர்களை ஸ்பிட்ஸ்பெர்கனிலிருந்து துரத்தினார்கள். அவர்கள் நேராக கிரீன்லாந்துக்கும் நார்வேக்கும் நடுவே உள்ள யான் மாயன் தீவுக்குப் போய், ஆளில்லாமல் கிடந்த டச்சு நிலையத்தைக் கொள்ளையடித்துக் கொளுத்தினார்கள். அடுத்த குளிர்காலம் எண்ணெய் காய்ச்சும் கொப்பரையையும் கொட்டகையையும் காக்க ஏழு பேரைக் கம்பெனி அந்தத் தீவில் விட்டுவைத்தது. ஏழு பேரும் செத்துப்போனார்கள். அதே குளிர்காலம் ஸ்பிட்ஸ்பெர்கனில் விட்ட வேறு ஏழு பேர் பிழைத்ததும், அடுத்த வருஷம் அங்கே மறுபடியும் ஏழு பேரை விட்டார்கள், அவர்களும் செத்துப்போனார்கள். ஏகபோகத்தைக் காக்க ஆன செலவில் இதையும் எழுத வேண்டும், நடையில் ஒரு வார்த்தை இல்லை. 1642இல் சாசனத்தைப் புதுப்பிக்காமல் விட்ட பிறகு யார் வேண்டுமானாலும் போகலாம் என்று ஆனது, கப்பல்கள் பெருகின, அதுவும் கடைசி இரண்டு நிமிஷத்தில் ஓடிப்போனது.

போகலாமா? கிடங்குகளுக்காகப் போகலாம், கேட்டதை எல்லாம் அப்படியே நம்பாமல். பாதி நடை காற்று வீசும் கால்வாய்க் கரையில், எங்கும் உட்கார இடம் இல்லை, பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள் யோசியுங்கள். நேரம் இருந்தால் ரெய்க்ஸ்மியூசியத்தில் அந்த வேட்டைக்காரர்களின் கல்லறைகளில் கிடைத்த கம்பளித் தொப்பிகளைப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் வேறு வேறு கோடுகள், குளிரில் முகத்தை மூடிக்கொண்டால் கண் மட்டும்தான் தெரியும், தொப்பியை வைத்துத்தான் ஒருவரை ஒருவர் அடையாளம் கண்டிருக்கிறார்கள். நடையின் டிக்கெட்டில் இது சேராது, தனியாக வாங்க வேண்டும்.