பிரவுசர் விபிஎன் எக்ஸ்டென்ஷனா, முழு விபிஎன் ஆப்பா: ஒரு ஜிஎஸ்டி ஆபீஸின் அனுபவம்

விபிஎன் என்பது நம் இணையப் போக்குவரத்தைப் பூட்டி வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் வசதி. எக்ஸ்டென்ஷன் என்பது பிரவுசருக்குள் சேர்க்கும் சின்ன மென்பொருள். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிளையன்ட் கணக்கைத் திறக்கும் பிரவுசரில் இலவச விபிஎன் எக்ஸ்டென்ஷன் இருக்கவே கூடாது. விபிஎன் வேண்டுமென்றால் முழு ஆப்பைப் போடுங்கள். நான் வைத்திருப்பது புரோட்டான் விபிஎன்னின் இலவசத் திட்டம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, கணக்கு வேலையே நடக்காத ஒரு பழைய கம்ப்யூட்டரில் குரோம் ஸ்டோரின் இலவச எக்ஸ்டென்ஷன் ஒன்றையும் போட்டு வைத்திருந்தேன்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கணக்கு எழுதித் தருவது என் தொழில். கொலுசுப் பட்டறைகள், வெள்ளி வியாபாரிகள், ஆத்தூர் பக்கம் ஒரு சேகோ ஃபேக்டரி. மாதா மாதம் 11ஆம் தேதி விற்பனை விவரத்துக்கான ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதி வரி கட்டும் 3பி ரிட்டர்ன். குடும்பத்தோடு ஏற்காடு போனாலும் இந்தத் தேதிகள் நமக்காகத் தள்ளிப்போகாது. கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போதே டவர் போய்ப் போய் வரும், மேலே ரூமுக்குள் ஹாட்ஸ்பாட் இழுக்காது. ரிசப்ஷனில் அட்டையில் எழுதி ஒட்டியிருக்கும் வைஃபை பாஸ்வேர்டுதான் கதி. அது அங்கே தங்கிவிட்டுப் போன எல்லோருக்கும் தெரிந்த பாஸ்வேர்டு. நமக்கும் தளத்துக்கும் நடுவே போவதைப் பூட்டி அனுப்பும் எச்டிடிபிஎஸ் இருப்பதால் நாம் டைப் செய்வதை யாரும் சுலபமாகப் படித்துவிட முடியாது, உண்மைதான். ஆனால் எந்தெந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பது அந்த வைஃபையை நடத்துபவருக்குத் தெரியும். அதே பெயரில் பக்கத்து ரூமிலிருந்து இன்னொருவர் போலி வைஃபை விரிக்கவும் முடியும். எனக்கு விபிஎன் தேவைப்படுவது இதற்காகத்தான்.

"அதுக்கு எதுக்குக்கா தனி ஆப்பு? பிரவுசர்லயே ஒரு எக்ஸ்டென்ஷன் போட்டா முடிஞ்சிடுமே" என்று எங்கள் ஆபீஸ் பெண் கேட்டாள். நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். சின்ன ஐகான், ஒரே கிளிக், அதனால் ஆபத்தும் சின்னது என்று. நிலைமை நேர் எதிர்.

முதலில் அது எதை மூடுகிறது என்று பாருங்கள். பெயர்தான் விபிஎன். பெரும்பாலும் அது பிரவுசருக்கு மட்டுமான ஒரு பிராக்ஸி, அதாவது பிரவுசரின் போக்குவரத்தை மட்டும் வாங்கி அனுப்பும் இடைத்தரகு சர்வர். எக்ஸ்டென்ஷனை ஆன் செய்துவிட்டு பிரவுசரில் ஐபி முகவரி காட்டும் தளத்தைத் திறந்தேன். நெதர்லாந்து என்று வந்தது. அதே நேரம் கமாண்ட் பிராம்ப்டில் கேட்டால் எங்கள் பிராட்பேண்டின் சொந்த ஐபியே வந்து நின்றது. டேலி, வாட்ஸப் டெஸ்க்டாப், அவுட்லுக், விண்டோஸ் அப்டேட் எல்லாமே வெளியே திறந்தபடிதான் ஓடுகின்றன. முழு ஆப்பை ஆன் செய்து பார்த்தபோது இரண்டு இடத்திலும் ஒரே வெளிநாட்டு ஐபி. ஆப் கம்ப்யூட்டரின் நெட்வொர்க் அடுக்கிலேயே ஒரு சுரங்கம் போடுவதால் எல்லா மென்பொருளும் அதன் வழியாகத்தான் போகும். விபிஎன் அறுந்துபோனால் நெட்டையே நிறுத்திவிடும் கில் ஸ்விட்சும் இலவசத் திட்டத்திலேயே இருக்கிறது.

இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அனுமதி விஷயம். எக்ஸ்டென்ஷனைச் சேர்க்கும்போது குரோம் ஒரு சின்னப் பெட்டியில் கேட்கிறது: எல்லா இணையதளங்களிலும் உள்ள உங்கள் தரவு முழுவதையும் இது படிக்கலாமா, மாற்றலாமா என்று. இந்தப் பெட்டியை யாரும் நின்று படிப்பதில்லை, நேராக 'சேர்' பட்டனுக்குப் போய்விடுகிறார்கள். பிராக்ஸி சர்வரில் லாகின் செய்வதற்கே இந்த மாதிரி அனுமதி தேவைப்படுவதால் நேர்மையானவர்களும் இதைத்தான் கேட்கிறார்கள். ஆகவே பெட்டியைப் பார்த்து நல்லவர் கெட்டவர் பிரிக்க முடியாது.

சீல் வைத்த வெள்ளிப் பார்சலை ஏற்றிப்போகும் வண்டிக்காரருக்கு எங்கிருந்து எங்கே போகிறது என்பது தெரியும், உள்ளே என்ன கொலுசு, எத்தனை கிலோ என்பது தெரியாது. முழு விபிஎன் கம்பெனி அந்த இடத்தில் இருக்கிறது. எக்ஸ்டென்ஷனோ பட்டறைக்குள்ளேயே தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. பூட்டுத் திறந்து திரையில் விரிந்த பிறகுதான் பக்கத்தைப் பார்க்கிறது, அதனால் எச்டிடிபிஎஸ் இங்கே காப்பாற்றாது. கிளையன்டின் பான் எண், வங்கி இருப்பு, கொள்முதல் பட்டியல் எல்லாம் அதன் கண்முன்னே.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. ஃப்ரீவிபிஎன்.ஒன் என்ற எக்ஸ்டென்ஷனை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் போட்டிருந்தார்கள். திறக்கிற ஒவ்வொரு பக்கத்தையும் அது சத்தமில்லாமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தன் சர்வருக்கு அனுப்புவதை 2025 ஆகஸ்டில் கோய் செக்யூரிட்டி என்ற நிறுவனம் வெளியிட்டது. அதே நிறுவனம் டிசம்பரில் அர்பன் விபிஎன்னைப் பற்றிச் சொன்னது. சுமார் 60 லட்சம் பேர் போட்டிருந்தது அது, குரோம் ஸ்டோரில் கூகுளின் 'சிறப்பு' முத்திரையோடு இருந்தது. சாட்ஜிபிடி, ஜெமினி போன்றவற்றில் ஆட்கள் பேசியதையெல்லாம் சேகரித்துக்கொண்டிருந்தது, அதுவும் விபிஎன் ஆஃபில் இருந்தபோதுகூட. இரண்டிலுமே இந்த வேலை பின்னால் வந்த அப்டேட்டில்தான் நுழைந்தது. எக்ஸ்டென்ஷன் தானாகவே அப்டேட் ஆகும் என்பதால், போட்ட அன்று நல்லதாக இருந்தது இன்றும் நல்லதாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. இன்னும் பின்னால் போனால் 2015இல் ஹோலா என்ற இலவச விபிஎன். இலவசமாகப் பயன்படுத்துகிறவர்களின் இணைய இணைப்பையே வேறு பெயரில் மற்றவர்களுக்கு விற்றது. நம் ஐபியிலிருந்து யார் என்ன செய்தாலும் முகவரி நம்முடையது.

முழு ஆப் என்றாலே நம்பலாம் என்றும் சொல்லமாட்டேன். பிளே ஸ்டோரில் அதிலும் குப்பை ஏராளம். நான் பார்ப்பது மூன்று: யார் நடத்துகிறார்கள் என்று தெரியவேண்டும், வெளியாரிடம் தணிக்கை செய்து அறிக்கையை வெளியிட்டிருக்க வேண்டும், காசு எங்கிருந்து வருகிறது என்பது புரியவேண்டும். புரோட்டான் சுவிட்சர்லாந்துக் கம்பெனி, ஆப்களின் மூல நிரல் எல்லோரும் பார்க்கத் திறந்திருக்கிறது, காசு கட்டுகிறவர்கள் இலவசக்காரர்களின் செலவைச் சுமக்கிறார்கள். இலவசத்தில் டேட்டா வரம்பு இல்லை, விளம்பரம் இல்லை. ஒரு நேரத்தில் ஒரே ஒரு கருவியில்தான் ஓடும், நாட்டை நாமே தேர்ந்தெடுக்க முடியாது. காசு கட்டத் தயார் என்றால் முல்வாட் பாருங்கள்: மாதம் 5 யூரோ, இமெயில்கூடக் கேட்பதில்லை, ஓர் எண்தான் கணக்கு. 2023 ஏப்ரலில் ஸ்வீடன் போலீஸ் வாரண்டோடு அவர்கள் ஆபீசுக்குப் போய், எடுக்க வாடிக்கையாளர் விவரம் எதுவும் இல்லாமல் திரும்பியது.

நம்ம ஊர்க்காரர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளவேண்டும். விபிஎன் கம்பெனிகள் வாடிக்கையாளர் விவரங்களை 5 வருடம் வைத்திருக்கவேண்டும் என்று 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் உத்தரவு போட்ட பிறகு, புரோட்டான், நார்டு, எக்ஸ்பிரஸ் எல்லாம் இந்தியாவிலிருந்து சர்வர்களை எடுத்துவிட்டன. 'இந்தியா' என்று பட்டியலில் காட்டினாலும் மெஷின் சிங்கப்பூர் மாதிரி வேறு எங்கோ இருக்கலாம். வெளிநாட்டு ஐபியிலிருந்து சில அரசுத் தளங்களும் வங்கித் தளங்களும் திறப்பதேயில்லை. அந்த நேரத்தில் ரூமை விட்டு டவர் கிடைக்கும் இடத்துக்கு வந்து, விபிஎன்னை அணைத்து, என் சொந்த மொபைல் டேட்டாவில் ஃபைல் செய்துவிடுகிறேன். லாட்ஜ் வைஃபையில் அணைப்பதில்லை.

எக்ஸ்டென்ஷனே வேண்டும் என்பவர்களுக்கு: முழு ஆப்பை நடத்தும் அதே கம்பெனியின் எக்ஸ்டென்ஷனை மட்டும் போடுங்கள். அதையும் எந்த லாகினும் இல்லாத தனி குரோம் புரொஃபைலில் வையுங்கள். எங்கள் ஆபீஸ் பெண்ணுக்கு அப்படித்தான் போட்டுக் கொடுத்திருக்கிறேன். கொரிய சீரியல் பார்க்க அது போதும். ஜிஎஸ்டி வேலைக்கான புரொஃபைலில் டிஜிட்டல் கையெழுத்துக்கு வேண்டியதைத் தவிர வேறொன்றும் கிடையாது. மாதா மாதம் 3பி முடிந்த மறுநாள் எல்லா மெஷினிலும் எக்ஸ்டென்ஷன் பட்டியலைத் திறந்து, யார் எதைப் புதிதாகச் சேர்த்தார்கள் என்று அவளே பார்த்துவிடுகிறாள்.